சமர்கந்துக்குப் போன பிள்ளைகள்

எல்லை திறந்த அந்த வசந்த காலத்தில் பஞ்சகெந்த் ஊரே சமர்கந்துக்குக் கிளம்பிவிட்டது. கட்டிக் கொடுத்த மகளைப் பார்க்கப் போனார்கள், பல் கட்டிக்கொள்ளப் போனார்கள், ஒரு வேலையும் இல்லாதவர்கள் ஐஸ்கிரீம் தின்றுவிட்டு வருகிறோம் என்று போனார்கள். அதுவரை அந்தப் பக்கத்து ஊருக்குப் போக விசா வாங்கி, மலையைச் சுற்றிக்கொண்டு, பகலும் இரவும் வண்டியில் குலுங்க வேண்டியிருந்தது. ஸரஃப்ஷான் ஆறு மட்டும்தான் யாரையும் கேட்காமல் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. இப்போது பழையபடி ஒரு மணி நேரப் பாதை.

போகாமல் இருந்தவள் மோஹிரா. ஊரில் அது எல்லோருக்கும் ஆச்சரியம். அவள் பிறந்ததே சமர்கந்தில்தான். பீபீ கானிம் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில், தையல்கார நபியின் கடைக்குட்டி. இருபது வயதில் அவளைப் பஞ்சகெந்தில் கொடுத்தபோது, "கூப்பிடு தூரம்தானே" என்றுதான் அப்பா கொடுத்தார். அப்புறம் ரஷ்யாவோடு சேர்ந்திருந்த அந்தப் பெரிய நாடு உடைந்து, இரண்டு ஊரும் இரண்டு நாடாயிற்று. வருஷங்கள் போகப் போக நடுவில் இருந்த கதவும் அடைந்துபோயிற்று. அப்பா இறந்தபோது அவளுக்கு விசா கிடைக்கவில்லை. அம்மா இறந்தபோது கிடைத்தது. மலையைச் சுற்றிப் போய்ச் சேர்ந்தபோது மண் போட்டு மூன்று நாளாகியிருந்தது. அதற்கப்புறம் அண்ணன் வீட்டை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு ரஷ்யாவுக்குப் போய்விட்டான்.

எல்லை திறந்த வாரமே கணவன் சோபிர் அவளைக் கூப்பிட்டான். "கெளம்பு. ஞாயித்துக்கிழமை போயிட்டு வந்துரலாம்."

"யார் வீட்டுக்கு?" என்றாள் மோஹிரா.

சோபிர் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தான். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பிறந்த ஊருக்கு ஒரு பெண் போவதென்றால் போய் இறங்க ஒரு வாசல் வேண்டும், "வந்துட்டியா" என்று கேட்க ஒரு வாய் வேண்டும். அது இல்லாமல் சுற்றுலா வந்தவளைப் போல டிக்கெட் எடுத்துக்கொண்டு சொந்த ஊருக்குள் நுழைய அவளுக்கு மனம் ஒப்பவில்லை.

மோஹிரா பள்ளியில் புவியியல் நடத்தினாள். கூடவே சாரணர் படைக்கும் அவள்தான் பொறுப்பு. உடற்பயிற்சி ஆசிரியன் தலேர் அவளுக்குத் துணை. கல்யாணமாகாத பையன், நல்ல உழைப்பாளி, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். ஒவ்வொரு வருஷமும் வசந்தத்தில் பிள்ளைகளை மலைமேல் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய்க் கூடாரம் போடுவது வழக்கம். இந்த வருஷமும் அதற்கான பேச்சைத் தலேர் எடுத்தபோது, "இந்தத் தடவை சமர்கந்த்" என்று அவள் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் தான் சொன்னதே அவளுக்கு உறைத்தது. பத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவளை யார் வீட்டுக்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

பள்ளி முடிந்த பிறகு விளையாட்டு அறையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். யார் யாருக்கு என்ன பார்க்க வேண்டும் என்று மோஹிரா கேட்டாள். ரெகிஸ்தான் சதுக்கம் என்று பாதிப் பேர், ராட்டினம் என்று மீதிப் பேர். காம்ரோன் என்ற பையன் எழுந்து நின்று, உலூக் பெக் என்ற அந்தக் கால அரசர் நட்சத்திரம் பார்த்த இடத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவே ஆற்றினான். அணித் தலைவி தில்ரபோ பெரிய பெண், ஒன்பதாம் வகுப்பு. அவள்தான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"நீ அங்க போய் நட்சத்திரத்த எண்ணிட்டு இரு. நாங்க சாப்ட்டுட்டு வந்து கூப்பிட்டுக்கறோம்" என்றாள்.

மோஹிரா கரும்பலகையில் நகரத்தை வரைந்தாள். எதையும் பார்த்து வரையவில்லை. சதுக்கம், அதிலிருந்து போகும் தெரு, பள்ளிவாசல், சியாப் சந்தை என்று கை பாட்டுக்குப் போட்டுக்கொண்டே போனது. போகும் வழியைச் சிவப்புச் சாக்கட்டியால் கோடு இழுத்துக் காட்டினாள். சந்தையிலிருந்து அந்தக் கோடு நேராகப் பேருந்து நிற்கும் இடத்துக்கு வராமல், பின்னால் ஒரு சந்துக்குள் நுழைந்து வளைந்து வந்தது.

"அக்கா, இந்தச் சந்துல என்ன இருக்கு?" என்றான் தலேர். "இப்படிப் போனா நேர்வழிதான?"

அங்கே ரொட்டி நன்றாக இருக்கும் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தாள்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த ரொபியா கையைத் தூக்கினாள். பன்னிரண்டு வயதுப் பெண். படையில் சேர்ந்து ஒரு வருஷமாகிறது. அதிகம் பேசாது, ஆனால் முடிச்சுப் போடுவதிலும் தடம் பார்ப்பதிலும் அதை மிஞ்ச ஆளில்லை.

"டீச்சர், அது நீங்க பொறந்த வீடா?" என்றாள்.

மோஹிரா சாக்கட்டியைக் கீழே வைத்துக் கையைத் துடைத்துக்கொண்டாள். "ஆமா" என்றாள். "ஆனா இப்ப வேற யாரோ இருக்காங்க. வெளிய இருந்து பாத்துட்டு வந்துரலாம். அஞ்சு நிமிஷம்."

பிள்ளைகளுக்கு அது ராட்டினத்தைவிடப் பெரிய விஷயமாகிவிட்டது. டீச்சர் பிறந்த வீடு! தலேர் சாக்கட்டியை எடுத்து அந்தச் சந்தின் மேல் இன்னொரு தடவை சிவப்புக் கோட்டை அழுத்தி இழுத்தான்.

மற்ற ஏற்பாடுகள் மளமளவென்று நடந்தன. அந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஃபெருஸா என்று ஓர் ஆசிரியை எல்லையில் பேருந்தோடு காத்திருந்து நாள் முழுக்கக் கூடவே வருகிறேன் என்றாள். சிக்கல் ஒன்றே ஒன்றுதான். பிள்ளைகள் நாட்டைத் தாண்ட வேண்டுமென்றால் தாயும் தகப்பனும் வழக்கறிஞர் முன்னால் சம்மதம் எழுதித் தர வேண்டும். பஞ்சகெந்தில் பாதித் தகப்பன்மார் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தார்கள். ஆனாலும் போன் போட்டதும் அனுப்பி வைத்தார்கள். ரொபியாவின் தகப்பன் முராத் அந்தக் கணக்கில் வருகிறவன் இல்லை. போய் ஆறு வருஷம். அங்கே ஒரு ரஷ்யப் பெண்ணோடு குடும்பமாகிவிட்டான். வருஷப் பிறப்புக்குக்கூட ஒரு போன் கிடையாது.

மோஹிரா ரொபியாவின் அம்மா லுத்ஃபியாவைத் தேடிச் சந்தைக்குப் போனாள். லுத்ஃபியா ரொட்டிக்கடை போட்டிருந்தாள். டீச்சர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டே ரொட்டிகளைத் துணி போட்டு மூடினாள்.

"அவன்கிட்ட ஒரு கையெழுத்துக்காக நான் போய் நிக்கணுமா டீச்சர்? என் பொண்ணு சமர்கந்தப் பாக்கலன்னா செத்தா போயிருவா?"

"நீ நிக்க வேண்டாம்" என்றாள் மோஹிரா. "நான் நிக்கறேன்."

"நின்னு பாருங்க. அவன் சரின்னுதான் சொல்லுவான். எல்லாத்துக்கும் சரின்னுதான் சொல்லுவான்."

முராத்தின் தம்பியிடமிருந்து எண் வாங்கி மோஹிரா அன்று சாயங்காலமே பேசினாள். எதிர்ப்பக்கம் கட்டட வேலையின் இரைச்சல் கேட்டது. டீச்சர் என்றதும் அவன் ஒதுங்கி எங்கேயோ போய் நின்றுகொண்டான். அவள் விஷயத்தை முழுக்கச் சொன்னாள். கண்டிப்பாக அனுப்புகிறேன் என்றான். போனை வைக்கப் போன அவளை நிறுத்தி, "டீச்சர், அவ இப்ப எவ்ளோ உயரம் இருப்பா?" என்று கேட்டான்.

என் தோள் வரை வருவாள் என்றாள் மோஹிரா. அவன் யார் தோளை நினைத்துக்கொண்டானோ, போனை அவள்தான் வைக்க வேண்டியிருந்தது.

அனுப்ப மாட்டான் என்று லுத்ஃபியா சொன்னாள். நாள் நெருங்க நெருங்க மோஹிராவுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், விமானத்தில் வந்த ஒரு ஊர்க்காரன் நேராகப் பள்ளிக்கூடத்துக்கே வந்து முராத் அனுப்பிய உறையைக் கொடுத்தான். மோஹிரா ரொபியாவை வகுப்பிலிருந்து கூப்பிட்டுக் காட்டினாள். அவள் படிக்கவில்லை. கீழே இருந்த கையெழுத்தை மட்டும் பார்த்தாள். அதன்மேல் விரல் படாமல், கொஞ்சம் தள்ளியே வைத்துப் பார்த்தாள்.

சனிக்கிழமை காலையில் எல்லோரும் கஞ்சி போட்ட சட்டையும் நீல ஸ்கார்ஃபுமாக வந்து நின்றார்கள். ஆளுக்கொரு மூட்டை ரொட்டியும் காய்ந்த பாதாமிப் பழமும் அம்மாக்கள் கட்டிக் கொடுத்திருந்தார்கள். நாள் முழுக்கச் சமர்கந்தில் ரொட்டி கிடைக்காதா என்று தலேர் கேட்டான், யாரும் காதில் வாங்கவில்லை. லுத்ஃபியாவும் வந்திருந்தாள். மகளின் முடியை இறுக்கிப் பின்னி, நிறையப் பேசாமல் அனுப்பி வைத்தாள். வேனில் பாட்டு. மோஹிரா முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கைப்பையில் பிள்ளைகளுக்காக என்று எடுத்து வைத்தவை போக, ஒரு புதுப் பட்டுத் தலைக்குட்டையும் இருந்தது. அந்த வீட்டில் யார் கதவைத் திறந்தாலும் வெறுங்கையோடு நிற்கக்கூடாது என்று வாங்கியது. வெளியே இருந்து பார்த்துவிட்டு வருவதாகத்தான் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தாள்.

எல்லையில் வரிசை நகர்ந்தது. ஒவ்வொரு பிள்ளையாக முத்திரை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கத்துக்குப் போய் நின்று கையாட்டியது. ரொபியாவின் முறை வந்தபோது, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி காகிதத்தையும் பாஸ்போர்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். இளம் வயது, களைத்த முகம். தகப்பனின் குடும்பப் பெயர் காகிதத்தில் பழைய ரஷ்ய முறைப்படி 'ரஹீமோவ்' என்று இருந்தது. பெண்ணின் பாஸ்போர்ட்டில் புது முறைப்படி வெறும் 'ரஹீம்'. இரண்டும் ஒன்றுதான் என்று இந்த நாட்டில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

"எனக்கும் தெரியும் அக்கா" என்றார் அதிகாரி. "என் பேரும் அப்படித்தான் மாறிச்சு. ஆனா இந்தக் காகிதத்துல இருக்கறவர் இந்தப் பொண்ணோட அப்பான்னு காட்ட இன்னொரு சான்று வேணும். அது இல்லாம நான் விட்டா, நாளைக்கு எவனோ எவ பொண்ணையோ இழுத்துட்டுப் போவான்."

மோஹிரா வாதாடினாள், மேலதிகாரியைப் பார்த்தாள், பள்ளித் தலைமையாசிரியருக்குப் போன் போட்டுக் கொடுத்தாள். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். யாரும் விடவில்லை. அதிகாரி தன் கணக்கில் சரியாகத்தான் இருக்கிறார் என்பது அவளுக்கே தெரிந்ததால், கோபப்படக்கூட ஆள் இல்லாமல் போயிற்று.

ரொபியா அழவில்லை. ஸ்கார்ஃபைக் கழற்றி, சாரண முறைப்படி நேர்த்தியாக மடித்தாள். பையில் வைத்துக்கொண்டாள். அதிகாரி திருப்பித் தந்த காகிதத்தைப் பார்த்து, "டீச்சர், இது இனிமே தேவைப்படாதுல்ல? நான் வச்சுக்கட்டுமா?" என்று கேட்டாள்.

தலேர் அந்தப் பக்கத்திலிருந்து திரும்பி ஓடி வந்தான். "அக்கா, நீங்க போங்க. ஊரு தெரிஞ்சவங்க நீங்கதான். நான் இவள வீட்டுல விட்டுட்டு வரேன்."

கல்யாணமாகாத ஒரு ஆம்பிளை, அந்த வயதுப் பெண்ணைத் தனியாக டாக்சியில் ஏற்றிக்கொண்டு போனால் லுத்ஃபியாவின் தெருவில் என்ன பேசுவார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவனும் வாய்க்குள்தான் சொன்னான். அதைவிட, ஒரு வாரமாக அந்தப் பிள்ளையிடம் 'அப்பா கையெழுத்த நான் வாங்கித் தரேன்' என்று சொல்லிச் சொல்லி ஆசை காட்டியவள் அவள். இப்போது அதை இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனால், அந்த வீட்டு வாசலில் நின்றாலும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இதை அவள் யோசித்து முடிவு செய்தாள் என்று சொல்ல முடியாது. தலேர் பேசி முடிப்பதற்குள் மற்றப் பிள்ளைகளின் சம்மதக் காகிதங்களை அவன் கையில் வைத்துவிட்டிருந்தாள்.

"ஃபெருஸா கூட இருப்பா. சாலை தாண்டும்போது தலைய எண்ணு" என்றாள். பைக்குள்ளிருந்த தலைக்குட்டையை எடுத்தாள். எடுத்தவள் மறுபடி உள்ளேயே வைத்துக்கொண்டாள்.

உடனே வீட்டுக்குத் திரும்ப மோஹிராவுக்கும் ரொபியாவுக்கும் கால் எழவில்லை. எல்லைக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க்கடை. மரக் கட்டிலில் ஏறி உட்கார்ந்து அம்மா கட்டிக் கொடுத்த ரொட்டியை ரொபியா பிட்டு வைத்தாள். மோஹிரா அவளுக்குச் சின்ன வயதுச் சமர்கந்தைச் சொன்னாள். மாடிப்படியின் கடைசிப் படியில் ஏறினால் பள்ளிவாசலின் நீலக் கும்மட்டம் தெரியும், அதைப் பார்த்துக்கொண்டேதான் பல் விளக்குவாள், பள்ளிக்கு நேரமாகி அம்மா கீழேயிருந்து திட்டுவாள். பக்கத்து வீட்டு ஆடு பற்றி, வாசல் முன்னால் ஓடிய கால்வாயில் விழுந்த அண்ணன் செருப்பு பற்றி. தன் பிள்ளைகளுக்குக்கூட இவ்வளவு சொன்னதில்லை. ரொபியா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மத்தியானத்துக்குமேல் போன் அடித்தது. தலேர் வீடியோவில் வந்தான். முகமெல்லாம் வியர்வை.

"அக்கா, நீங்க வரைஞ்ச சந்த காணோம். இங்க நீளமா சுவர்தான் இருக்கு."

"சந்துங்கள மறைச்சுச் சுவர் எழுப்பிட்டாங்கன்னு சொன்னாங்க. அதுல கதவு இருக்கா பாரு."

"நாலஞ்சு இருக்கு. எல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

பின்னால் பிள்ளைகள் கத்துவது கேட்டது. பேருந்துக்கு நேரமாகவில்லையா என்று மோஹிரா கேட்டாள். ராட்டினத்தை விட்டுவிட்டோம் என்றாள் தில்ரபோ, போனைப் பிடுங்கிக்கொண்டு. வீட்டைக் கண்டுபிடிக்காமல் வர மாட்டோம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்களாம்.

ரொபியா மோஹிராவின் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். "தில்ரபோ, கால்வாயத் தேடு" என்றாள். "டீச்சர் வீட்டு முன்னாடி கால்வாய் போகும். மேல மூடியிருப்பாங்க. மண்ணுல காது வச்சா தண்ணி சத்தம் கேக்கும்."

காம்ரோன் தரையில் குப்புறப் படுத்ததைத் திரையில் பார்த்தார்கள். வழிப்போக்கர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாவது கதவின் கீழே தண்ணீர் ஓடியது. அந்தக் கதவுக்குள் சந்து இருந்தது. சந்து அவள் சொன்ன இடத்தில் வளைந்தது. மோஹிரா மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவுகளின் நிறம் மாறியிருந்தது, ஆடு கட்டிய இடத்தில் கார் நின்றது, ஆனால் வளைவு அதே வளைவு.

"நில்லு. வலது பக்கம்" என்றாள்.

தலேர் கதவைத் தட்டினான். அறுபது வயதிருக்கும் ஒரு பெண் கையில் மாவோடு திறந்தாள். நீல ஸ்கார்ஃப் கட்டிய கூட்டத்தைப் பார்த்துத் திகைத்தாள். தலேர் தடுமாறித் தடுமாறிச் சொல்லி, போனை அவள் பக்கம் திருப்பினான்.

"இந்த வீட்டுப் பொண்ணா?" என்றாள் அந்தப் பெண்.

"ஆமாக்கா. நபியோட பொண்ணு, மோஹிரா. தொந்தரவு குடுக்கறோம். வாசல மட்டும் ஒரு தடவை..."

"வாசல்ல என்ன இருக்கு, மரக்கதவு. உள்ள வாங்கடா பிள்ளைங்களா."

முற்றம் வந்தது. அவள் காலத்தில் நின்ற பாதாமி மரம் இல்லை, அந்த இடத்தில் தக்காளிப் பாத்தி. சமையலறைக்குப் புதுச் சன்னல். படம் நின்று நின்று வந்தது. ஒவ்வொரு முறை நின்றபோதும் மோஹிரா போனை இன்னும் கிட்டத்தில் பிடித்தாள், அப்படிப் பிடித்தால் உள்ளே போய்விடலாம் என்பதைப் போல. மாடிப்படி ஏறச் சொன்னாள். தலேர் ஏறினான். கடைசிப் படியில் நின்று கையை உயர்த்திப் பிடித்தான்.

தகரக் கூரைகளுக்கு மேலே, ஒரு பொட்டு அளவுக்கு, நீலம்.

"அதுவா டீச்சர்?" என்றாள் ரொபியா.

மோஹிரா தலையை மட்டும் ஆட்டினாள். ரொபியா தன் கையைத் துடைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் தலேரின் இணையம் தீர்ந்துபோய்த் திரை கறுத்தது.

பிள்ளைகள் அந்தி சாயும்போது திரும்பி வந்தார்கள். ஒரே நேரத்தில் ஒன்பது வாய் பேசியது. அந்தப் பெண்ணின் பெயர் ஹோசியத், விதவை, பேரப்பிள்ளைகள் தாஷ்கெந்தில். எல்லோருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்தாள், காம்ரோனை இரண்டு தரம் சாப்பிட வைத்தாள். போனிலெல்லாம் வீடு பார்க்கிற பழக்கம் என்ன பழக்கம், நேரில் வரச்சொல் என்று கோபித்துக்கொண்டாளாம். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு சமர்கந்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தது. மோஹிரா எல்லாவற்றையும் கேட்டாள், கேட்டதையே மறுபடி கேட்டாள்.

இரண்டு வாரம் கழித்து அவள் தனியாகப் போனாள். தலைக்குட்டையை ஹோசியத்திடம் கொடுத்தாள். ஹோசியத் சோறு ஆக்கி வைத்திருந்தாள், மல்லுக்கு நின்று சாப்பிட வைத்தாள், சாயங்காலம் வரை இருக்கச் சொன்னாள். மோஹிரா படியேறிக் கும்மட்டத்தைப் பார்த்தாள். நன்றாகவே தெரிந்தது, பெரிதாக, வெயிலில் பளபளவென்று. நெடுநேரம் அங்கேயே நின்றாள். கீழேயிருந்து யாரும் திட்டவில்லை. ஹோசியத் நல்லவள், மோஹிராவைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று உள்ளேயே இருந்துவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை ரொபியா வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றாள். போனில் அப்பாவோடு பேசியதாகச் சொன்னாள். பெயரைச் சரிபண்ணி வேறு காகிதம் அனுப்புகிறேன் என்றாராம்.

"அனுப்புவாரா டீச்சர்?"

"தெரியல" என்றாள் மோஹிரா. உண்மையிலேயே தெரியவில்லை.

ரொபியா தலையசைத்தாள். பிறகு பெஞ்சில் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "நேர்ல எப்படி இருந்துச்சு, சொல்லுங்க" என்றாள். மோஹிரா பையைக் கீழே வைத்துவிட்டு, எல்லைக் கதவிலிருந்து ஆரம்பித்தாள்.